11 பாயின்ட் தமிழுக்கு வரி இடைவெளி எவ்வளவு? ஒரு பாரம் குறைக்கச் சொல்கிறார்கள்

மைக்கறை

வணக்கம். சின்னப் பதிப்பகம் ஒன்றுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். இப்போது கையில் இருப்பது கட்டுரைத் தொகுப்பு. டெம்மி அளவு, 11 பாயின்ட் எழுத்து, வேர்டிலேயே செய்கிறேன். (ஆசிரியர் அச்சுக்குப் போகும் நாள் வரை திருத்துவார். வேர்டைத் தவிர வேறெதையும் திறக்க மாட்டார். அதனால் இன்டிசைன் போன்ற பக்கமைப்பு மென்பொருளுக்கு மாறு என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.)

வரி இடைவெளி ‘மல்டிபிள் 1.15’ வைத்திருக்கிறேன். இரண்டு தொல்லை.

முதலாவது, பக்கம் சீராக இல்லை. ஆங்கிலப் பெயரோ அடிக்குறிப்பு எண்ணோ வருகிற வரி மட்டும் கொஞ்சம் விலகி நிற்கிறது. பல் விழுந்த வாய் மாதிரி அங்கங்கே சந்து.

இரண்டாவது, 192 பக்கம் வந்திருக்கிறது. 12 பாரம் (ஒரே தாளில் சேர்த்து அடிக்கிற 16 பக்கம் ஒரு பாரம்). முதலாளி “இடைவெளியைக் கொஞ்சம் இறுக்கி 11 பாரத்துக்குள் கொண்டு வாப்பா” என்கிறார். 1.15ஐ 1.0 ஆக்கினால் போதுமா? படிக்க முடியுமா?

பாரம்16

ஒரு கேள்வி. எதிலிருந்து 1.15 மடங்கு?

11 பாயின்டிலிருந்து என்று நினைத்திருப்பீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வேர்டு பெருக்குவது ‘சிங்கிள்’ என்கிற ஒற்றை இடைவெளியை. அது எழுத்தின் அளவை வைத்து வருவதில்லை. எழுத்துருவைச் செய்தவர் அதற்குள் மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு, வரிக்கு நடுவே இவ்வளவு என்று எண்களை எழுதி வைத்திருப்பார். அவற்றின் கூட்டுத்தொகைதான் சிங்கிள். டைம்ஸ் நியூ ரோமனில் அது எழுத்தளவைப் போல் கிட்டத்தட்ட 1.15 மடங்கு. அதாவது 12 பாயின்டில் சிங்கிள் போட்டால் வரிக்கு வரி 13.8 பாயின்ட். தமிழ் எழுத்துருக்களில் இது ஒன்றுக்கொன்று ஒட்டாது. கால், கொம்பு, சுழி எல்லாவற்றுக்கும் இடம் விட்டவர் தாராளமாக எழுதியிருப்பார், இன்னொருவர் கஞ்சத்தனமாக.

உங்கள் முதல் தொல்லைக்கும் இதுவே காரணம். ஒரு வரியில் இரண்டு எழுத்துரு இருந்தால் வேர்டு எது உயரமோ அதை எடுத்துக்கொண்டு அந்த வரியை மட்டும் தள்ளி வைக்கும். நம்பவில்லை என்றால் ஒரு வரியில் ஒரே ஒரு எழுத்தை ‘கேம்ப்ரியா மேத்’ எழுத்துருவுக்கு மாற்றிப் பாருங்கள். அந்த வரிக்கு மட்டும் வானமும் பூமியும் பிரிந்துவிடும்.

மருந்து: ‘எக்ஸாக்ட்லி’. மடங்கு வேண்டாம், பாயின்டில் எண் கொடுங்கள். அப்புறம் எந்த எழுத்துரு உள்ளே வந்தாலும் வரி அசையாது.

அப்புறம் ஒன்று: அந்த 1.15ஐ நீங்களே தேர்ந்தெடுத்தீர்களா? 2007 பதிப்பில் வேர்டு தானாக வைத்த எண் அது. 2013இல் அதை 1.08 ஆக்கினார்கள். தமிழை மனதில் வைத்து யாரும் அதை வைக்கவில்லை.

மைக்கறை

அட, நான் தேர்ந்தெடுக்கவே இல்லை. இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன்.

சரி அண்ணே, எக்ஸாக்ட்லி எவ்வளவு? 13 போடலாமா?

வரிக்குதிரை

120 சதவீதம் என்பது பொதுவான கணக்கு. இன்டிசைனில் ‘ஆட்டோ’ அதுதான். 11க்கு 13.2. இதில் யோசிக்க என்ன இருக்கிறது.

ஈயக்கட்டை

தம்பி வரிக்குதிரை, யோசிக்க நிறைய இருக்கிறது.

நான் கையால் அச்சுக்கோத்த காலத்து ஆள். நீங்கள் இப்போது ‘லீடிங்’ என்கிறீர்களே, அது லெடிங். லெட் என்றால் ஈயம். வரிக்கும் வரிக்கும் நடுவே செருகுகிற ஈயத் தகடு. எழுத்தைவிடக் குள்ளமாக இருக்கும், அதனால் மை படாது. பத்துப் பாயின்ட் எழுத்தில் இரண்டு பாயின்ட் தகடு போட்டால் வரிக்கு வரி பன்னிரண்டு. உங்கள் 120 சதவீதம் அங்கிருந்துதான் வருகிறது. தகடே போடாமல் அடுக்கினால் ‘சாலிட்’.

ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஈயத்தில் ‘நூ’ என்றால் அதன் வால், ‘மீ’ என்றால் அதன் சுழி, எல்லாமே பெரும்பாலும் அந்தக் கட்டையின் உடம்புக்குள்ளேயே அடங்கும். பத்துப் பாயின்ட் என்பது அந்த உடம்பின் உயரம். அதனால் சாலிட்டாக அடுக்கினாலும் மேல் வரி கீழ் வரியை முட்டாது, நெருக்கமாகத் தெரியும், அவ்வளவுதான். கணினியில் உடம்பு என்பது வெறும் கணக்கு. எழுத்து அதைத் தாண்டிக் கையும் காலும் நீட்டலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஒரே 11 பாயின்டில் ஓர் எழுத்துரு பெரிதாகவும் இன்னொன்று பொடியாகவும் தெரிவதும் இதனால்தான்.

ஆகவே சதவீதத்தை விடுங்கள். ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். மேல் வரியில் “நூறு கூழாங்கல், தூறல், ஜூன்” என்று அடியுங்கள். கீழ் வரியில் “ஸ்ரீரங்கம், மீன், சீப்பு, ரீங்காரம்” என்று அடியுங்கள். மேலே இருப்பதெல்லாம் கீழே தொங்குபவை, கீழே இருப்பதெல்லாம் மேலே எழுபவை. ஸ்ரீ இரண்டு பக்கமும் நீளும், அதுதான் பெரிய போக்கிரி. இந்த இரண்டு வரியை அச்செடுத்துப் பாருங்கள். திரையில் பார்க்காதீர்கள். முட்டுகிற இடத்துக்கு மேல் இரண்டு, இரண்டரை பாயின்ட் கூட்டினால் உங்கள் எழுத்துருவுக்கான எண் வந்துவிடும்.

வரிக்குதிரை

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். ஒரு 200 பக்கப் புத்தகத்தில் ‘ஜூ’வுக்கு நேர் கீழே ‘ஸ்ரீ’ எத்தனை தடவை வரும்? அந்த இரண்டு இடத்துக்காகப் புத்தகம் முழுக்க இடைவெளியைக் கூட்டுவானேன்?

ஈயக்கட்டை

வரும் தம்பி. ஆசிரியரின் சொந்த ஊர் பெயரில் வரும், அதுவும் முதல் பக்கத்தில்.

யாழ்வாசகி

முட்டுவதை விடுங்கோ, முட்டாமலே வாசிக்கேலாத புத்தகங்கள் இருக்கு. நான் மெய்ப்புப் பார்க்கிறனான், அதாலே சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் சின்ன எழுத்துகள் பாதி உயரத்தில்தான் நிற்கும். ‘எல்’, ‘எச்’ போன்ற சில எழுத்துகள் மட்டுமே எழும், சில மட்டுமே தொங்கும். அதனாலே இடைவெளியை நெருக்கினாலும் வரிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு தானாகவே கிடைத்துவிடும். தமிழில் அப்படியில்லை. க, ப, ம, ட, ன எல்லாம் கட்டம் கட்டமாய் ஒரே உயரத்தில் நிரம்பி நிற்கும். அதுக்கு மேலே புள்ளியும் இகர விசிறியும், கீழே உகரக் கால்கள். ஆங்கிலத்துக்குச் சரியாக இருந்த 120 தமிழில் ஒரே கறுப்பாய்த் தெரிவது இதனாலேதான்.

இன்னொன்று, இதை எவரும் சொல்வதில்லை. எங்கள் சொற்கள் நீளம். “கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும்” போல ஒரு சொல் வரியின் கடைசியில் கொள்ளாமல் அடுத்த வரிக்கு இறங்கினால், இரண்டு ஓரமும் நேராக்கும்போது மிச்சச் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டை விழும். சொல்லுக்குச் சொல் உள்ள ஓட்டை வரிக்கு வரி உள்ள இடைவெளியைவிடப் பெரிதாகத் தெரிந்தால் கண் பக்கவாட்டிலே போகாமல் கீழே வழுக்கும். என்ரை அப்பா ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். கண்ணாடியை மாற்றியும் பார்த்தோம். பிறகுதான் விளங்கினது, கோளாறு கண்ணில் இல்லை, புத்தகத்தில்.

மைக்கறை, நீங்கள் இரண்டு ஓரமும் நேராக்குவீர்கள்தானே? அப்படியென்றால் 13 பற்றி நினைக்கவே வேண்டாம்.

மைக்கறை

ஆமாம் அக்கா, நேராக்குகிறேன். இடது பக்கம் மட்டும் நேராக விட்டால் “முடிக்காத வேலை மாதிரி இருக்கு” என்பார் முதலாளி.

நிரல்நேசன்

நான் வலைத்தளம் செய்பவன். 1.5 என்பது அணுகல்தன்மை விதியிலேயே இருக்கிறது. அதைப் பின்பற்றினால் பிரச்சினை முடிந்தது.

கூட்டல்குறி

நிரல்நேசன், அந்த விதியைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறவர்கள் அதிகம். 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 என்கிற வலை அணுகல்தன்மை வழிகாட்டியில் உள்ள விதி (1.4.12) நீ 1.5 வைத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. படிப்பவர் தன் வசதிக்கு 1.5 மடங்காக்கிக் கொண்டால் உன் பக்கம் உடையக்கூடாது, எழுத்து வெட்டுப்படக்கூடாது என்கிறது. நீ சொல்வது 1.4.8. அது மூன்று ‘ஏ’ என்கிற உச்ச மட்டத்தில் உள்ளது, பெரும்பாலான தளங்கள் அந்த மட்டத்துக்குப் போவதே இல்லை.

வலையில் தமிழர்கள் விழுகிற குழி வேறு. வரி உயரத்தைச் சொல்லும் ‘லைன்-ஹைட்’டை 150% என்று சதவீதத்தில் எழுதுவார்கள். உடல் எழுத்து 16 பிக்சல் என்றால் கணக்கு அங்கேயே முடிந்து 24 பிக்சல் என்று உறைந்துவிடும். தலைப்பு 32 பிக்சல், ஆனால் பரம்பரைச் சொத்தாக அதே 24 வரும். தலைப்பு ஒரே வரியாக இருக்கும் வரை ஒன்றும் தெரியாது. தமிழ்த் தலைப்பு எங்கே ஒரு வரியில் நிற்கிறது? கைப்பேசியில் இரண்டாக மடங்கும், மேல் வரியின் வால் கீழ் வரியின் தலையில் ஏறி உட்காரும். சதவீதக் குறி இல்லாமல் வெறும் 1.5 என்று எழுது. ஒவ்வோர் உறுப்பும் தன் எழுத்தளவை வைத்துத் தானே பெருக்கிக்கொள்ளும்.

நிரல்நேசன்

எங்கள் அலுவலகத் தளத்தில் தலைப்புகள் மேலேறி நின்றதற்கு இரண்டு வருடமாக எழுத்துருவைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது போய்ப் பார்த்தேன். 150% தான். வேறென்ன சொல்ல.

கூட்டல்குறி

எழுத்துருவும் முழுக்கப் புனிதமில்லை. கூகுளின் நோட்டோ தமிழ் எழுத்துருவில் ‘யூஐ’ என்று தனி வகை விட்டார்களே, எதற்கு? பொத்தான், பட்டியல் போன்ற குறுகிய இடங்களில் சாதாரண வகையின் உயரம் அடங்கவில்லை. அதனால் செங்குத்தாக ஒடுக்கி இன்னொன்று செய்தார்கள். அந்த வகையை எடுத்துக் கதை படிக்கப் போட்டால் நெருக்கமாகத்தான் இருக்கும்.

ஆய்வேடு_எப்போது

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் பல்கலைக்கழக விதியில் “இரட்டை வரி இடைவெளி” என்று மட்டும் இருக்கிறது. லாடெக்கில் (கட்டளை எழுதி ஆவணம் அமைக்கிற மென்பொருள்) செய்த என் ஆய்வேட்டை “இது டபுள் இல்லை” என்று திருப்பிவிட்டார்கள். நான் அதன் இடைவெளித் தொகுப்பான செட்ஸ்பேஸில் டபுள் என்றுதான் போட்டிருக்கிறேன்.

பாரம்16

இருவர் சொல்வதும் ஒரு வகையில் சரி.

தட்டச்சு இயந்திரத்தில் ஒற்றை இடைவெளி என்றால் அங்குலத்துக்கு 6 வரி. அங்குலம் 72 பாயின்ட் என்று வைத்துக்கொண்டால் வரிக்கு 12 பாயின்ட். இரட்டை என்றால் 24. விதி எழுதியவர்கள் மனதில் இருந்தது இதுதான். லாடெக்கில் 12 பாயின்ட் ஆவணத்துக்கு இயல்பான வரித்தூரம் 14.5 பாயின்ட். செட்ஸ்பேஸ் ‘டபுள்’ என்றதும் அதை 1.655ஆல் பெருக்கும். பெருக்கிப் பாருங்கள், 24. தட்டச்சுக் கணக்குக்கு அச்சாக ஒத்து வருகிறது.

வேர்டில் டபுள் என்றால் எழுத்துருவின் சிங்கிள் இரண்டு மடங்கு. டைம்ஸில் 27.6. ஏ4 தாளில் மேலும் கீழும் ஓர் அங்குலம் விட்டால் 24 பாயின்டில் 29 வரி, 27.6இல் 25 வரி. திருப்பி அனுப்பியவர் வேர்டில் செய்த ஆய்வேட்டைப் பக்கத்தில் வைத்து வரி எண்ணியிருப்பார். சண்டை போடாதீர்கள். லாடெக்கில் வரித்தூரத்தைப் பெருக்கும் ‘லைன்ஸ்பிரெட்’ 1.9 வைத்துக் கொடுத்துவிட்டுப் பட்டம் வாங்குங்கள்.

ஆய்வேடு_எப்போது

1.9! நன்றி சார். வைவா முடிந்ததும் இங்கே வந்து சொல்கிறேன்.

மைக்கறை

என் கதைக்கு வருகிறேன். ஐயா சொன்ன சோதனையைச் செய்தேன். என் எழுத்துருவில் ‘ஜூ’வும் ‘ஸ்ரீ’யும் 13இல் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. 13.5இல் தொட்டும் தொடாமலும். அப்படியானால் 15.5 முதல் 16 என்று வருகிறது, சரியா?

நேற்றிரவு முழுப் புத்தகத்தையும் தேர்ந்தெடுத்து ‘எக்ஸாக்ட்லி 16’ போட்டேன். வரிகள் அழகாக உட்கார்ந்தன. சந்தெல்லாம் போச்சு. மகிழ்ச்சியாகப் பிடிஎஃப் எடுத்து ஆசிரியருக்கு அனுப்பிவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் ஏழு மணிக்குத் தொலைபேசி. “தம்பி, என் தாத்தா படத்தில் செருப்பு மட்டும்தான் தெரியுது.”

உள்ளே இருந்த 14 படங்களும் 16 பாயின்ட் உயரக் கீற்றுகளாகிவிட்டன. தலைப்புகளில் ஈகாரச் சுழியெல்லாம் மொட்டை.

பாரம்16

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். நானும் பட்டதுதான். வரிக்குள் செருகிய படத்தை வேர்டு ஒரு பெரிய எழுத்தாகவே பார்க்கிறது. 16 என்று நீங்கள் ஆணையிட்டால் படத்துக்கும் 16தான். படம் இருக்கிற பத்திக்குத் தனிப் பாணி ஒன்று உருவாக்கி அதில் மட்டும் சிங்கிள் வையுங்கள். தலைப்புக்கும் தனிப் பாணி. 20 பாயின்ட் தலைப்பு என்றால் 32 கொடுங்கள், அதாவது சரியாக இரண்டு வரி. பத்திக்குப் பின்னால் வேர்டு தானாகப் போடுகிற 8, 10 பாயின்டை எடுத்துவிட்டு, இடம் வேண்டிய இடத்தில் ஒரு முழு வரி விடுங்கள்.

முழு வரி எதற்கு என்றால், தாளின் முன்பக்க வரியும் பின்பக்க வரியும் நேருக்கு நேர் அமரும். 60 ஜிஎஸ்எம் மேப்லித்தோ போன்ற மெல்லிய தாளில் அடிக்கிறவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் பின்பக்க எழுத்து முன்பக்க வரிகளின் நடுவே நிழலாடும். வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பலாகும். என்ன இடைவெளி விட்டும் பயனில்லை.

வரிக்குதிரை

16, 16 என்று எல்லோரும் சொல்கிறீர்கள். பாரம் குறைய வேண்டும் என்றல்லவா முதலாளி கேட்டார்? அதை யாரும் தொடவே இல்லையே.

பாரம்16

தொடுவோம். மைக்கறை, எழுத்துப் பகுதியின் உயரம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

மைக்கறை

ஆறே முக்கால் அங்குலம்.

பாரம்16

அதாவது 486 பாயின்ட். 16 பாயின்டில் பக்கத்துக்கு 30 வரி. 16இலும் அதே 192 பக்கம் என்று வைத்துக்கொண்டால் 5760 வரி. அத்தியாயத் தொடக்கத்தில் வீணாகிற இடத்தையெல்லாம் கணக்கில் எடுக்காமல் சொல்கிறேன்.

15 ஆக்கினால் பக்கத்துக்கு 32 வரி. 5760ஐ 32ஆல் வகுத்தால் 180 பக்கம். பாரத்துக்கு 16 பக்கம் என்றால் 11 பாரம் போக நான்கு பக்கம் மிஞ்சும். அந்த நான்கு பக்கத்துக்கு இன்னொரு பாரம் ஓட்டியே ஆக வேண்டும். ஆக, 15க்கு இறுக்கியும் முதலாளிக்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை, கறுப்பு மட்டும் கூடுகிறது.

உண்மையிலேயே 11 பாரத்துக்குள் அடங்க வேண்டுமானால் 14.5 பாயின்டுக்குப் போக வேண்டும். 33 வரி, 175 பக்கம். உங்கள் எழுத்துருவில் 13.5இலேயே முட்டுகிறது. 14.5இல் ஒரு பாயின்ட் காற்றுதான். யாழ்வாசகியின் அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்வாசகி

அப்பாவை இழுக்காதேங்கோ 😀 ஆனால் கணக்கு நல்ல கணக்கு. இதையே அப்படியே முதலாளிக்குக் காட்டுங்கோ.

வரிக்குதிரை

சரி, 15 வீண் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுத்தளவை 10.5 ஆக்கிவிட்டு அதே 14.5 வைத்தால்? 33 வரி, 175 பக்கம். 11 பாரத்துக்குள் ஒரு பக்கம் மிச்சமும் இருக்கிறது. எழுத்து சின்னதானால் ஒரு வரியில் கூடுதல் சொல்லும் பிடிக்கும், இன்னும் குறையும்.

ஈயக்கட்டை

இது நல்ல யோசனை தம்பி. நானும் அந்தக் காலத்தில் இதைத்தான் செய்வேன். எழுத்தை ஒரு படி இறக்கலாம், தகட்டை எடுக்கக்கூடாது. சின்ன எழுத்து காற்றோட்டமாக இருந்தால் பெரிய எழுத்து நெருக்கமாக இருப்பதைவிடக் கண்ணுக்குச் சுகம். யார் படிக்கிற புத்தகம் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

மைக்கறை

பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள் வாங்குவார்கள் ஐயா. ஆசிரியரே எழுபதைத் தாண்டியவர். 10.5 என்றால் அவரே முதலில் சண்டைக்கு வருவார்.

மைக்கறை

நாலு நாள் கழித்து வருகிறேன். 11க்கு 15.5 வைத்தேன். 31 வரி, 186 பக்கம். அதே 12 பாரம்தான், ஆனால் கடைசியில் ஆறு பக்கம் காலி. முதலாளியிடம் 14.5இல் ஒரு பக்கமும் 15.5இல் ஒரு பக்கமும் அச்செடுத்துக் கொண்டுபோனேன். கணக்கையும் சொன்னேன். கணக்கை அவர் கேட்டாரா என்று சந்தேகம். ஆறு பக்கம் காலி என்றதும்தான் நிமிர்ந்தார். “அதுல நம்ம புத்தகப் பட்டியலைப் போட்டுரு” என்றார். முடிந்தது.

ஒன்று மட்டும் பாக்கி. முன்னுரையில் முதல் வரி “1961 ஜூன் மாதம்” என்று தொடங்குகிறது. நேர் கீழே “ஸ்ரீவைகுண்டத்தில்”.

ஈயக்கட்டை

சொன்னேனே. முட்டுகிறதா?

மைக்கறை

இல்லை ஐயா. நூல் நுழைகிற அளவுக்கு இடம் இருக்கிறது.